கிணற்றடியில் வந்த எண்ணம்: தியானத்தைக் கூட்டுவதா, நிறுத்துவதா?

குழித்துறைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 36. தனியார் பள்ளி ஆசிரியை. கணவருக்குச் சவூதியில் வேலை. வீட்டில் ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன், மாமியார். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு பதற்றமும் தூக்கமின்மையும் வந்து, நாகர்கோவிலில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்திருக்கிறார். அவர் கொடுத்த எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் மாத்திரையில் நன்றாகவே இருந்திருக்கிறார். நாலைந்து மாதங்களுக்கு முன் ஒரு தோழி அவரை வாட்ஸ்அப் தியானக் குழு ஒன்றில் சேர்த்துவிட்டார். தினமும் பத்து நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பதில் தொடங்கியது. முதல் இரண்டு வாரம் மனசு லேசாக இருந்தது, பிள்ளைகள்மேல் எரிந்து விழுவது குறைந்தது என்கிறார். அப்புறம் நேரம் கூடிக்கொண்டே போனது. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஒன்றரை மணி நேரம், இரவு எல்லோரும் படுத்த பிறகு முக்கால் மணி நேரம். ‘தியானம் கைகூடினால் மாத்திரை எதற்கு?’ என்று குழுவில் பேசிக்கொண்டார்கள். இவரும் ஒரே நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

மூன்று வாரம் கழித்து நடந்ததை அவர் எழுதியபடியே தருகிறேன்: “மகனைக் குளிப்பாட்டக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாளியை இறக்கிக்கொண்டிருந்தபோது அவன் கைப்பிடிச்சுவரில் வயிற்றைச் சாய்த்து உள்ளே எட்டிப் பார்த்தான். ‘இவனைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டால்?’ என்று மனதில் வந்தது. கை வெலவெலத்துப்போய் கயிறு நழுவியது. கப்பி கடகடவென்று சுற்றி, வாளி தண்ணீரில் போய் அடித்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.”

அன்று முதல் அவர் கிணற்றடிக்குப் போவதில்லை. மகனைக் குளிப்பாட்டுவது மாமியார். அடுக்களையில் அவன் பக்கத்தில் வந்து நின்றால் கத்தியைத் தள்ளி வைத்துவிடுகிறார். தியானத்தில் உட்காரும்போது ‘அந்த எண்ணம் வருகிறதா’ என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார், வரவில்லை என்று உறுதியானால்தான் எழுந்திருக்கிறார். சின்ன வயதிலிருந்தே இழுப்பு (ஆஸ்துமா) உண்டு. மூச்சைக் கவனிக்கும்போது தொண்டை இறுகுகிறது. வகுப்பில் பாடம் நடத்தும்போது தன் குரல் வேறு யாரோ பேசுவதுபோல் கேட்கிறது, கரும்பலகையில் எழுதும் கை தன்னுடையது இல்லை போலத் தோன்றுகிறது. குழுவை நடத்துபவரிடம் சொன்னதற்கு, ‘உள்ளே கிடந்த அழுக்கு வெளியே வருகிறது, நேரத்தைக் கூட்டுங்கள்’ என்று சொல்லிப் பத்து நாள் மௌன முகாம் ஒன்றுக்கும் பேர் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். முன்பணமும் கட்டியாயிற்று. சபைப் போதகரோ, ‘தியானம் செய்து பிசாசுக்குக் கதவைத் திறந்துவிட்டாய்’ என்கிறார்.

நான் என் பிள்ளைக்கு ஆபத்தானவளா, தியானத்தைத் தொடரலாமா, முகாமுக்குப் போகலாமா, இதை டாக்டரிடம் சொன்னால் போலீசுக்குச் சொல்லிப் பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களா என்று நான்கு கேள்விகள் கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன். நேரில் பார்க்காமல் ஒருவருடைய நிலைக்கு நோயின் பெயர் வைப்பது முறையில்லை. ஆனால் நீங்கள் விவரித்திருக்கும் வரிசை எங்கள் தொழிலில் மிகவும் பழக்கமான ஒன்று. விரும்பாத ஓர் எண்ணம் வருகிறது. அது வந்ததே உங்களுக்குத் தாங்க முடியாத அதிர்ச்சியாகிறது. இனி வரக்கூடாது என்று இடத்தைத் தவிர்க்கிறீர்கள், பொருளைத் தள்ளி வைக்கிறீர்கள், மனதைத் திரும்பத் திரும்பச் சோதிக்கிறீர்கள். தவிர்க்கத் தவிர்க்க எண்ணம் அடிக்கடி வருகிறது. ஓசிடி என்று சொல்லப்படும் எண்ணச் சுழற்சி நோயில் இந்த வரிசையைத்தான் பார்க்கிறோம். பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கும் தாய்க்கு வரும் எண்ணம் பெரும்பாலும் பிள்ளையைப் பற்றியதாகவே இருக்கும். எதை இழக்க முடியாதோ அதைச் சுற்றித்தான் இந்தப் பயம் வலை பின்னும்.

இப்படி எண்ணம் வருவது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. 2014-ல் வெளியான ஓர் ஆய்வில் 13 நாடுகளைச் சேர்ந்த 777 கல்லூரி மாணவர்களிடம், கடந்த மூன்று மாதங்களில் விரும்பாத எண்ணங்கள் வலிய வந்து நுழைந்தனவா என்று கேட்டார்கள். ஏறத்தாழ 94 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்துவிட்டால், கோயிலிலோ மாதாகோயிலிலோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டால், கையில் இருக்கும் குழந்தையைக் கீழே போட்டுவிட்டால்… ஏதோ ஒரு வடிவில் ஏறக்குறைய எல்லோர் மனதிலும் வந்து போகிறது. பலர் ‘சே, என்ன நினைப்பு’ என்று அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். ‘இப்படி நினைத்துவிட்டேனே, அப்படியானால் நான் யார்?’ என்று விசாரணை வைப்பவர்களிடம் அது தங்கிவிடுகிறது. உங்கள் கை வெலவெலத்துக் கயிறு நழுவியது உங்கள் உடம்பே அந்த எண்ணத்தை மறுத்ததால்.

இதற்கு ஒரு வரம்பும் சொல்லியாக வேண்டும். கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று உங்களுக்கு இருந்தால், நான் மேலே சொன்ன ஆறுதலை எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘செய்’ என்று காதில் குரல் கேட்பது. பிள்ளைக்குள் ஏதோ கெட்டது புகுந்திருக்கிறது என்றோ, அவன் இறப்பதே அவனுக்கு நல்லது என்றோ உண்மையாகவே நம்பத் தொடங்குவது. அந்தச் செயலைச் செய்ய மனம் விரும்புவது அல்லது அதற்குத் திட்டம் போடுவது. பல இரவுகள் தூங்காமலேயே களைப்பில்லாமல், அளவுக்கு மீறிய வேகத்தோடும் பேச்சோடும் இருப்பது. செத்துப்போகலாம் என்று தோன்றுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பிள்ளைகளோடு தனியாக இருக்க வேண்டாம். அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். உங்கள் கடிதத்தில் இவற்றின் சுவடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் கடிதத்தில் எழுதாமல் விட்டது உங்களுக்குத்தான் தெரியும்.

மாத்திரையை நிறுத்திய நாளும் எண்ணம் வந்த நாளும்

நீங்கள் எல்லாவற்றையும் தியானத்தின் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்துவது மாத்திரை. எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகளை வருடக்கணக்கில் சாப்பிட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால், சில நாட்களிலேயே தலைசுற்றல், குமட்டல், மண்டைக்குள் கரண்ட் ஷாக் அடித்த மாதிரி ஒரு வெட்டு, எரிச்சல், கெட்ட கனவு, பதற்றம் எல்லாம் வரலாம். சிலருக்கு அது பல வாரம் நீளும். அது அடங்குவதற்குள் பழைய நோயும் மெல்லத் திரும்பி வந்துவிடுவது உண்டு. உங்களுக்கு அந்த எண்ணம் வந்தது நிறுத்திய மூன்றாவது வாரம். அதே காலத்தில் நாலு மணிக்கு எழுந்து, இரவு பதினொன்றரைக்குப் படுத்து, நாலரை மணி நேரத் தூக்கத்தில் பள்ளிக்கூடம் போயிருக்கிறீர்கள். தூக்கம் வராமல் இருக்க விடியற்காலையில் இரண்டு கிளாஸ் பால் கலக்காத கட்டன் சாயா வேறு. எந்த மனதுக்கும் இது பெரிய சுமை. தன் குரலே அந்நியமாகக் கேட்பது, கை தன்னுடையது இல்லை போலத் தோன்றுவது ஆகியவை தூக்கக் குறைவிலும் கடுமையான பதற்றத்திலும் வரும். நீண்ட நேரம் கண்ணை மூடி உள்நோக்கி உட்காருவதாலும் வரும். உங்கள் விஷயத்தில் மூன்றும் சேர்ந்திருக்கின்றன.

பழைய மாத்திரை அலமாரியில் மிச்சம் இருக்கிறது, இன்று ராத்திரியே பழைய அளவில் தொடங்கிவிடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். நின்று சில மாதங்கள் ஆகிவிட்டன. எந்த அளவில் மறுபடி தொடங்குவது, இதே மருந்தா வேறா என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். அவரிடம் சொல்லாமல் நிறுத்தினோமே, திட்டுவாரே என்று தள்ளிப்போடாதீர்கள். மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்திவிட்டு வருபவர்களை நாங்கள் வாரந்தோறும் பார்க்கிறோம்.

தியானம் பழகியவர்கள் மாத்திரையைக் குறைக்கவே முடியாது என்றும் நான் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப மனச்சோர்வு வந்தவர்களுக்கு அது மறுபடி வராமல் தடுக்க, கவனப் பயிற்சியையும் (மைண்ட்ஃபுல்னஸ்), எண்ணப்போக்கை மாற்றப் பழக்கும் அறிவாற்றல் சிகிச்சையையும் சேர்த்து எட்டு வாரப் பயிற்சி ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 424 நோயாளிகளை வைத்து நடத்தி, 2015-ல் முடிவு வெளியான ஆய்வில், அந்தப் பயிற்சி எடுத்து மருந்தைக் குறைத்தவர்களில் 44 சதவீதம் பேருக்கு இரண்டு வருடத்துக்குள் நோய் திரும்பியது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்கள் மருந்தைக் குறைத்தது படிப்படியாக, மருத்துவரின் கண்காணிப்பில், பயிற்சி பெற்ற ஆசிரியர் கூட இருக்க. ஒரே நாளில், வாட்ஸ்அப் குழுவின் பேச்சைக் கேட்டு அல்ல. அந்த ஆய்வு மனச்சோர்வைப் பற்றியது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் பிரச்சினை வேறு.

தியானத்தில் தீங்கு வருமா?

குமரி முனையில் பாறைமேல் விவேகானந்தர் நினைவு மண்டபம் 1970-ல் திறக்கப்பட்டது. அதிலேயே ஒரு தியான மண்டபம் இருக்கிறது. நம் மாவட்டத்தில் வளர்ந்தவர்கள் பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போய்க் கண்ணை மூடி உட்கார்ந்திருப்போம். தியானம் என்றாலே நல்லது என்ற மரியாதை நமக்குள் அப்படியே இறங்கியிருக்கிறது. அந்த மரியாதையாலேயே, தியானம் செய்து தொந்தரவு வந்தால் தப்பு நம்மேல் என்று நினைத்துவிடுகிறோம். நீங்களும் ‘நான் சரியாகச் செய்யவில்லையோ’ என்று ஐந்தாறு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

தியானத்தின் தீய விளைவுகளைப் பற்றிய 83 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2020-ல் வெளியானது. தியானம் செய்தவர்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு தொந்தரவு வந்திருந்தது. அதிகம் வந்தவை பதற்றமும் மனச்சோர்வும். முன்பு மனநலப் பிரச்சினையே இல்லாதவர்களுக்கும் வரலாம் என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லோபி பிரிட்டன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் தியானம் செய்பவர்களையும் கற்றுக்கொடுப்பவர்களையும் பேட்டி எடுத்து 2017-ல் ஒரு விரிவான கட்டுரை வெளியிட்டார்கள். பயம், தூக்கம் கெடுவது, தன்னையே அந்நியமாக உணர்வது எல்லாம் அதில் வருகின்றன. பலருக்கு நன்மை செய்யும் ஒரு மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது உண்டு. அப்போது அளவைக் குறைப்போம், அல்லது நிறுத்துவோம். தியானத்துக்கும் அதே நியாயம்தான்.

‘அழுக்கு வெளியே வருகிறது, நேரத்தைக் கூட்டு’ என்ற அறிவுரையை நான் முழுமையாக மறுக்கிறேன். அதைச் சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் ஆள் தூங்குகிறாரா, என்ன மாத்திரை சாப்பிட்டார், இழுப்பு உண்டா என்று எதையும் கேட்காமல் சொல்லப்பட்ட அறிவுரை அது. ஜான் கபட்-சின் என்பவர் 1979-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய பயிற்சியில்தான் இன்றைய மருத்துவமனைக் கவனத் தியானம் வேர்பிடித்தது. இந்த மாதிரிப் பயிற்சிகளை ஒழுங்காக நடத்துபவர்கள், சேர்ப்பதற்கு முன்பே ஒருவரை உட்காரவைத்து உடல்நிலை, மனநிலை, பழைய அதிர்ச்சிகள் எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். உங்களை அப்படி யாரும் விசாரிக்கவில்லை.

முகாம்

இப்போது போகாதீர்கள். பத்து நாள் மௌன முகாம் என்றால் பேச்சு கிடையாது, போன் கிடையாது, ஒரு நாளில் பத்து மணி நேரம்வரைகூட உட்கார வேண்டியிருக்கும். இன்றைய நிலையில், ஒன்றரை மணி நேரத்துக்கே கை அந்நியமாகத் தோன்றும் உங்களை அங்கே அனுப்ப எந்த மருத்துவரும் சம்மதிக்க மாட்டார். பொறுப்பான முகாம்கள் விண்ணப்பத்திலேயே மனநலச் சிகிச்சை, மருந்து விவரங்களைக் கேட்கும். அந்த இடத்தைக் காலியாக விடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால், அந்த யோசனையைக் கேட்காதீர்கள். முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். உடல்நிலை காரணம் என்று ஒரு வரி எழுதினால் போதும், விளக்கம் தர வேண்டியதில்லை. பணம் திரும்பி வராவிட்டாலும் போகாமல் இருப்பதே லாபம்.

எண்ணத்தோடு எப்படி இருப்பது?

இனி, நீங்கள் கேட்காமலே கடிதம் முழுக்கக் கேட்டிருக்கும் கேள்விக்கு வருகிறேன். தியானம் என்றால் எண்ணமே இல்லாமல் மனதைத் துடைத்து வைப்பது என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கவனத் தியானத்தின் நோக்கம் அது இல்லவே இல்லை. எண்ணம் வரும். வந்ததைத் தெரிந்துகொண்டு, அதன் பின்னால் ஓடாமலும் அதோடு மல்லுக்கு நிற்காமலும், கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புவது அவ்வளவுதான் பயிற்சி. நீங்கள் செய்துவந்தது வாசலில் காவல் நிற்பது. ‘அந்த எண்ணம் வருகிறதா?’ என்று பார்ப்பதற்கே அந்த எண்ணத்தை மனதில் வைத்திருக்க வேண்டியிருக்கிறதே!

டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-ல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குப் பிரபலம். ஐந்து நிமிடம் மனதில் வருவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைத்தால் மணி அடியுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் ‘இனி நினைக்கலாம்’ என்று அனுமதி கொடுத்தபோது, முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்கள் அதிகமாக நினைத்தார்கள். கரடிக்கே இந்தக் கதி என்றால், பெற்ற பிள்ளையைப் பற்றிய பயத்தை அடக்கி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

நம் ஊரில் கோயில் கொடைக்கோ சபைத் திருவிழாவுக்கோ பத்து நாள் குழாய் ஒலிபெருக்கி கட்டினால் என்ன செய்கிறோம்? நிறுத்த முடியாது. பாட்டு ஓடிக்கொண்டிருக்க, சோறு வடிக்கிறோம், பரீட்சைத் தாள் திருத்துகிறோம். ‘நின்றதா, நின்றதா’ என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பவருக்கு மட்டும் அது மண்டைக்குள் பாடும். எண்ணத்தையும் அப்படி ஓடவிட்டு வேலையைப் பார்க்கப் பழகலாம். பழகும்வரை சிரமம்தான்.

செய்முறையாகச் சொல்கிறேன். எண்ணம் வந்ததும், ‘பிள்ளையைப் போட்டுவிட்டால் என்ற எண்ணம் வந்திருக்கிறது’ என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லுங்கள். ‘நான் போட்டுவிடுவேன்’ என்பதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். பிறகு கை செய்துகொண்டிருந்த வேலையைத் தொடருங்கள். அரிசி களைந்துகொண்டிருந்தால் தண்ணீரின் குளிர்ச்சி, விரலிடுக்கில் நழுவும் அரிசி, மேலே மிதந்து வரும் உமி. அவ்வளவு போதும். எண்ணத்தோடு வாதாடாதீர்கள். ‘நான் நல்ல தாய்தான்’ என்று அதற்குப் பதில் சொல்லவும் வேண்டாம். பதில் சொன்னால் அது அடுத்த கேள்வி கேட்கும். ஓர் எச்சரிக்கை: ‘எண்ணம் வந்திருக்கிறது’ என்பதைப் பத்து முறை, இருபது முறை சொல்லி எண்ணத்தை விரட்டப் பார்த்தால், அதுவும் சடங்காகிவிடும். ஒருமுறை சொன்னால் போதும். எண்ணம் போகாவிட்டாலும் பரவாயில்லை, வேலை நடக்கட்டும்.

உட்காரும் பழக்கத்துக்கு எப்போது திரும்பலாம்?

மருத்துவரைப் பார்த்து, தூக்கம் ஏழு மணி நேரத்துக்குத் திரும்பி, கையும் குரலும் பழையபடி உங்களுடையதாக ஆகும்வரை கண்ணை மூடி உட்காரும் தியானம் வேண்டாம். நாலு மணி அலாரத்தை எடுத்துவிடுங்கள். விடியற்காலைக் கட்டன் சாயாவையும் விட்டுவிடுங்கள். ‘இடைவெளி விட்டால் இதுவரை செய்ததெல்லாம் வீணாகிவிடும்’ என்று குழுவில் சொல்வார்கள். வீணாகாது.

வகுப்பில் அந்த அந்நிய உணர்வு வந்தால், உள்ளே போய் ஆராயாதீர்கள், வெளியே வாருங்கள். இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்துங்கள். மேசையின் விளிம்பைப் பிடியுங்கள். ஜன்னலுக்கு வெளியே தெரிகிற தென்னையையோ ரப்பர் மரத்தையோ பாருங்கள். ஒரு பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்லுங்கள், அதற்குள் அது தணியும். அது பைத்தியத்தின் அறிகுறி இல்லை. பயந்தால் கூடும், அலட்சியம் செய்தால் குறையும்.

மருத்துவர் சரி என்ற பிறகு தொடங்குவதானால், ஐந்து நிமிடம், கண் திறந்தபடி. மூச்சு உங்களுக்கு ஏற்ற பிடிமானம் இல்லை. இழுப்பு உள்ளவர்களுக்கு மூச்சைக் கவனிப்பதே ‘மூச்சு முட்டுமோ’ என்ற பழைய பயத்தை எழுப்பும். உங்கள் தொண்டை இறுகுவது அதனாலும் இருக்கலாம், இழுப்பே மறுபடி தலைகாட்டுவதாலும் இருக்கலாம், அதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். மூச்சுக்குப் பதில் பாதம் தரையில் படுவதை வைத்துக்கொள்ளலாம், அல்லது வெளியே கேட்கும் சத்தங்களை. முற்றத்தில் மெதுவாக நடந்தபடி செய்வது உங்களுக்கு எல்லாவற்றையும்விட நல்லது என்பது என் அபிப்பிராயம். பத்து நிமிடத்துக்கு மேல் கூட்ட வேண்டாம். செய்து முடித்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குப் பதற்றம் கூடியே இருந்தாலோ, அன்று இரவுத் தூக்கம் கெட்டாலோ, உடம்பு அந்நியமாகத் தோன்றினாலோ மறுநாள் செய்யாதீர்கள். எண்ணம் வருகிறதா என்று பார்க்க உட்கார்ந்தால், அந்த நிமிடமே எழுந்துவிடுங்கள்.

கிணற்றடிக்குத் திரும்புவதும் சிகிச்சையின் ஒரு பகுதி. அஞ்சும் இடத்தைப் படிப்படியாக எதிர்கொண்டு, தவிர்ப்பதையும் சோதிப்பதையும் விடப் பழக்கும் முறை ஒன்று இருக்கிறது. எண்ணச் சுழற்சி நோய்க்கு அது நன்றாகப் பலன் தருகிறது, மருந்தும் சேர்ந்தால் பலருக்கு இன்னும் நல்லது. அதை ஒரு சிகிச்சையாளரின் துணையோடு செய்யுங்கள், தைரியத்தைச் சோதிக்க நீங்களாகவே மகனைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க வேண்டாம். கிணற்றுக்குக் கம்பிவலை போடலாமா என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நான்கு வயதுப் பையன் எட்டிப் பார்க்கும் கிணற்றுக்கு வலை எப்போதும் தேவைதான். அவன் எட்டிப் பார்க்கிறான் என்பதற்காகப் போடுங்கள், உங்கள் எண்ணத்துக்காக வேண்டாம்.

போதகர் சொன்னது

கவனத் தியானம் பௌத்தப் பயிற்சியிலிருந்து வந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. மருத்துவமனைகளில் சொல்லிக்கொடுப்பதில் வழிபாடோ மந்திரமோ கிடையாது. அது உங்கள் விசுவாசத்துக்கு ஒத்துவருமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், குணமாவதற்குத் தியானம் கட்டாயமே இல்லை. அரிசி களைவதைக் கவனிக்க எந்த மதத்தின் அனுமதியும் தேவையில்லை. ஆனால் இந்த எண்ணத்தைப் பிசாசின் வேலை என்று எடுத்துக்கொண்டால், வந்த ஒவ்வொரு முறையும் பயம் இரட்டிப்பாகும், பயத்தோடு எண்ணமும் கூடும். ஜெபிப்பதை நிறுத்த வேண்டாம். எண்ணத்தை விரட்டுவதற்காகத் திரும்பத் திரும்ப ஜெபிப்பதை மட்டும் விடுங்கள், அதுவும் காவல் நிற்பதுதான். ஜெபத்துக்காக மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடச் சொன்னால், சம்மதிக்காதீர்கள்.

டாக்டரிடம் சொன்னால் என்ன ஆகும்?

போலீஸ் வராது. விரும்பாத எண்ணம் வருகிறது என்று சொல்வது குற்ற ஒப்புதல் இல்லை. மனநல மருத்துவருக்கு அது இருமல், காய்ச்சல் போன்ற ஓர் அறிகுறி. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, உங்கள் சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. பிறருக்குத் தீங்கு நேராமல் காப்பதற்கு அவசியமாவது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அந்த நிலையில் நீங்கள் இருப்பதாக உங்கள் கடிதம் காட்டவில்லை. பள்ளி நிர்வாகத்துக்கோ உறவினர்களுக்கோ மருத்துவர் சொல்ல மாட்டார். அரசு மருத்துவமனையில் சிகிச்சை கேட்டுப் பெறுவதும் அதே சட்டத்தின் 18-ஆவது பிரிவு தரும் உரிமை.

பழைய மருத்துவரிடமே போவது நல்லது, உங்கள் வரலாறு அவரிடம் இருக்கிறது. நாகர்கோவில் போய்வர லீவு கிடைக்காவிட்டால், குழித்துறை, தக்கலை அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரியுங்கள். நடு இரவில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். டாக்டர் முன்னால் வாய் வரவில்லை என்றால் எனக்கு எழுதியதையே நீட்டுங்கள். மாத்திரை நிறுத்திய தேதி, தூங்கும் நேரம், இழுப்பு ஆகிய மூன்றையும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. ‘உடம்பு சரியில்லை, பழைய மாத்திரையை விட்டதால் வந்தது, டாக்டரைப் பார்க்கப் போகிறேன்’ என்றால் போதும். குளிப்பாட்டுவதை அவரிடமிருந்து வாரத்தில் ஒரு நாளாவது திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், கிணற்றடியில் வேண்டாம், குளியலறையில். கணவரிடம் மட்டும் முழுவதும் சொல்லுங்கள். ராத்திரி வீடியோ காலில் பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, இந்தப் பதிலையும் அவருக்கு அனுப்பிவிட்டுப் பேசுங்கள். ‘அப்படியெல்லாம் நினைக்காதே’ என்று அவர் சொல்வார், அன்பாகத்தான் சொல்வார். அந்தச் சொல் உங்களுக்கு உதவாது என்பதையும் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவையுங்கள். அவர் செய்ய வேண்டியது, மருத்துவரைப் பார்க்க நாள் குறித்தீர்களா என்று கேட்பது. அவர் லீவில் வரும்வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள்.